‘எந்த கேமரால எடுக்கிறீங்க?’ - ரிச்சி தெருவில் ஒரு பிராசஸர் தேடல்!

மார்கழி மாதத்துச் சனிக்கிழமை. காலை பத்தரை மணி. அரசினர் தோட்டம் மெட்ரோ ஸ்டேஷனிலிருந்து மேலே ஏறி வந்த அப்பாவும் மகனும் அண்ணா சாலையைக் கடக்க நின்றுகொண்டிருந்தார்கள். அப்பாவின் தோளில் ஒரு பழைய கேமரா பை. அதற்குள் கேமரா இல்லை. பூத்துவாலையில் சுற்றிய ஒரு கிராஃபிக்ஸ் கார்டும், ஒரு பென்டிரைவும், சீட்டு எடுத்த பணம் 60,000 ரூபாயும் இருந்தன.

அப்பாவுக்குத் திண்டிவனத்தில் ஸ்டூடியோ. கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று இருபது வருடங்களாக வீடியோ எடுக்கிறார். மகன் பி.காம் கடைசி வருடம். எடிட்டிங் முழுக்க மகன்தான்.

ஐப்பசி, கார்த்திகையில் எடுத்த இரண்டு கல்யாண வீடியோக்கள் இன்னும் முடியவில்லை. வீடியோ கைக்கு வந்தால்தான் பாக்கிப் பணம் என்று இரண்டு வீட்டிலும் சொல்லிவிட்டார்கள். மார்கழியில் முகூர்த்தம் கிடையாது. தை பிறந்துவிட்டால் அடுத்தடுத்து ஆர்டர். அதற்குள் கம்ப்யூட்டரை மாற்றியாக வேண்டும். எழும்பூருக்குக் காலை ரயில், அங்கிருந்து மெட்ரோ, சென்ட்ரலில் மாறி ஒரே ஸ்டாப். அப்படித்தான் இருவரும் ரிச்சி தெருவுக்கு வந்து சேர்ந்தார்கள்.

தறி ஓடிய பேட்டை

அண்ணா சாலையின் அகலத்துக்குப் பழகிய கண்ணுக்கு, நரசிங்கபுரம் தெருவுக்குள் நுழைந்ததும் வானமே பாதியாகிவிடும். தலைக்கு மேல் கேபிள்கள், போர்டுக்கு மேல் போர்டுகள். கீழே ஹெட்போன், சார்ஜர், ரிமோட் என்று தள்ளுவண்டிகள். அட்டைப்பெட்டிகளை ஆள் உயரத்துக்கு அடுக்கிக்கொண்டு வரும் மீன்பாடி வண்டிக்கு எல்லோரும் ஒதுங்கி வழிவிடுகிறார்கள். “சிசிடிவி வேணுமா சார்? லேப்டாப் சர்வீஸா?” என்று இரண்டு அடிக்கு ஒரு குரல்.

ரிச்சி தெரு என்று சொன்னாலும் அது ஒரு தெரு இல்லை. நரசிங்கபுரம் தெரு, மோகன்தாஸ் சாலை, மீரான் சாகிப் தெரு, வாலர்ஸ் சாலை என்று பின்னிக்கிடக்கும் ஒரு வலை. ரேடியோ உதிரி பாகங்கள் விற்ற கடைகளில் தொடங்கி டி.வி, டேப் ரிக்கார்டர், கம்ப்யூட்டர், மொபைல் என்று காலத்துக்கு ஏற்ப மாறிய சந்தை இது. டெல்லி நேரு பிளேஸுக்கு அடுத்து நாட்டின் பெரிய எலெக்ட்ரானிக்ஸ் சந்தை என்று இதைச் சொல்வார்கள்.

இதில் மீரான் சாகிப் தெருவுக்கு இன்னொரு கதை உண்டு. சினிமா பட விநியோகஸ்தர்களின் அலுவலகங்கள் நிறைந்திருந்த தெரு அது. படப்பெட்டிகள் போய்வந்த அதே பகுதிக்கு, இன்று கல்யாண வீடியோ எடிட் செய்பவர்கள் ஹார்டு டிஸ்க் வாங்க வருகிறார்கள்.

இன்னும் பின்னால் போனால், இந்தச் சிந்தாதிரிப்பேட்டையே 1734-ல் நெசவாளர்களுக்காக உருவாக்கப்பட்ட ஊர்தான். ‘சின்னத் தறிப் பேட்டை’ என்பதே சிந்தாதிரிப்பேட்டை ஆனது என்பார்கள். இழை எண்ணி நெய்தவர்களின் பேட்டையில், இன்று கடைக்குக் கடை கேட்கும் கேள்வி, “எத்தனை கோர், எத்தனை த்ரெட்?”

பழைய கம்ப்யூட்டருக்கு என்ன ஆச்சு?

திண்டிவனம் ஸ்டூடியோவில் இருப்பது இன்டெல் கோர் ஐ5-7400. 2017-ல் வந்த பிராசஸர். 4 கோர், 4 த்ரெட். முழு ஹெச்.டி வீடியோக்களை வருடக்கணக்கில் சளைக்காமல் எடிட் செய்து கொடுத்தது. மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்குத் தகுதியான பிராசஸர் பட்டியலில் இந்த ஐ5 இல்லை.

அதைக்கூடத் தாங்கிக்கொண்டிருப்பார்கள். போன வருடம் கடன் வாங்கி ஒரு புது கேமரா எடுத்த பிறகுதான் தொல்லை ஆரம்பித்தது. டைம்லைனில் தாலி கட்டும் காட்சியைப் போட்டால் படம் நின்று நின்று நகர்கிறது. மேளம் முன்னே போய்விடுகிறது, முடிச்சு பின்னே வருகிறது.

மகனுக்கு வேறு ஒரு குறையும் இருந்தது. ரீல்ஸ் எடிட் செய்து சேர்த்த பணத்தில் நண்பனிடமிருந்து ஒரு ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு வாங்கியிருந்தான். வாலரண்ட் விளையாட்டு அதில் பறக்கும் என்று நம்பினான். பறக்கவில்லை. சண்டை சூடு பிடிக்கும் நேரத்தில் திக்கித் திக்கி நின்றது.

“இவன் கேம் ஆடத்தான் கம்ப்யூட்டர் மாத்தச் சொல்றான்” என்பது அப்பாவின் சந்தேகம். “அப்பா கேமரால ஏதோ தப்பா செட்டிங் வெச்சு எடுக்கிறார்” என்பது மகனின் சந்தேகம். இரண்டு சந்தேகங்களும் ஒரே ரயிலில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்துதான் வந்தன.

முதல் கடை: ஒரு எழுத்தின் விலை

மகன் மனதில் ஏற்கெனவே ஒரு பெயர் இருந்தது. ஏஎம்டி ரைசன் 7 9800எக்ஸ்3டி. 2024 நவம்பரில் வந்தது. 8 கோர், 16 த்ரெட். கேம் ஆடுபவர்களின் கனவு. விலையைக் கேட்டதும் அப்பா பேசாமல் தெருவைப் பார்த்தார். கையிலிருக்கும் பணத்தில் பாதிக்கு மேல் அந்த ஒரு பெட்டிக்கே போய்விடும். அதன் பிறகு மதர்போர்டு, ராம், எஸ்எஸ்டி எல்லாம் இருக்கின்றன.

கடைக்காரப் பையன் வேறு கொட்டேஷன் எழுதிக் கொடுத்தான். இன்டெல் கோர் ஐ5-14400எஃப். “கார்டு உங்ககிட்டயே இருக்குல்ல சார்... எஃப் போதும். சில ஆயிரம் மிச்சம்.”

அவன் சொன்னதில் பொய் இல்லை. இன்டெல் பிராசஸரின் பெயரில் கடைசியில் ‘எஃப்’ இருந்தால் அதில் உள்ளேயே இருக்கும் கிராஃபிக்ஸ் வேலை செய்யாது, தனி கார்டு கட்டாயம் என்று அர்த்தம். ‘கே’ இருந்தால் வேகத்தை நாமே கூட்டிக்கொள்ளலாம். ஏஎம்டியில் ‘எக்ஸ்3டி’ என்றால் கூடுதல் கேஷ் நினைவகம். ‘ஜி’ என்றால் உள்ளேயே கொஞ்சம் பலமான கிராஃபிக்ஸ். கேம் மட்டும் ஆடுகிறவருக்கு எஃப் நல்ல சிக்கனம்தான்.

அப்பா பணத்தை எடுக்கப் போனார். “இன்னும் ரெண்டு கடை பாத்துடலாம்ப்பா” என்றான் மகன். அந்த ஒரு வார்த்தைதான் அன்றைய நாளைக் காப்பாற்றியது.

மாடிக்கடையில் கேட்ட கேள்வி

ரிச்சி தெருவின் நல்ல கடைகள் பல, தெருவில் நின்று பார்த்தால் தெரியாது. ஒரு ஆள் மட்டும் ஏறக்கூடிய படிக்கட்டு, சால்டரிங் வாசனை, மேலே நான்கு பேர் நிற்கும் அளவு இடம். அப்படி ஒரு மாடிக்கடை. ஐம்பதைத் தாண்டிய கடைக்காரர் கொட்டேஷனை வாங்கிப் பார்த்தார். விலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

“எந்த கேமரால எடுக்கிறீங்க சார்?”

பிராசஸர் வாங்க வந்த இடத்தில் கேமராவைப் பற்றி ஏன் கேட்கிறார் என்று அப்பாவுக்குப் புரியவில்லை. “சோனி ஏ7 ஃபோர். போன வருசம் எடுத்தது.”

“4கே, எச்.265, 10 பிட், 4:2:2-லயா ஷூட் பண்றீங்க?”

“ஆமா சார். கலர் நல்லா நிக்குதுன்னு ஒரு ஒர்க்‌ஷாப்ல சொன்னாங்க.”

“அப்ப எஃப் வேண்டாம்.”

அவர் விளக்கியது இதுதான். எச்.265 என்பது வீடியோவை இறுக்கிச் சுருட்டி வைக்கும் முறை. எடிட் செய்யும்போது ஒவ்வொரு ஃபிரேமையும் அந்த நொடியிலேயே பிரித்துக் காட்ட வேண்டும். இதைப் பிரிப்பதற்கென்றே பிராசஸருக்கோ, கார்டுக்கோ உள்ளே தனிப் பகுதி உண்டு. ஆனால் 4:2:2 என்ற வண்ண முறையில் எடுத்த எச்.265-ஐ எல்லாச் சிப்புகளாலும் பிரிக்க முடியாது. இன்டெல்லில் 11-ம் தலைமுறையிலிருந்து, உள் கிராஃபிக்ஸில் இருக்கும் ‘குயிக் சிங்க்’ பகுதி அதைச் செய்கிறது. என்விடியா கார்டுகளில் 2025-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசைதான் அதைச் செய்யும். 3060-ல் அந்த வசதி இல்லை. எஃப் வாங்கினால் குயிக் சிங்க்கும் இருக்காது. கடைசியில் எல்லாச் சுமையும் பிராசஸரின் கோர்கள் மேலேயே விழும்.

சொல்லிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. பென்டிரைவை வாங்கி, எஃப் பிராசஸரும் ஒரு 3060 கார்டும் இருந்த கம்ப்யூட்டரில், பிரீமியரில் அந்தத் தாலி கட்டும் காட்சியைப் போட்டார். டாஸ்க் மேனேஜரில் சிபியு கோடு மேலே ஏறிக்கொண்டே போனது. படம் தடுமாறியது. அதே கிளிப்பை எஃப் இல்லாத இன்னொரு கம்ப்யூட்டரில் ஓட்டினார். சிபியு கோடு அமைதியாக இருக்க, ‘வீடியோ டிகோட்’ என்ற வேறொரு கோடு எழுந்தது. கெட்டிமேளமும் முடிச்சும் ஒன்றாக வந்தன.

மகன் அப்பாவைப் பார்த்தான். அப்பா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீங்க கரெக்டாதான் எடுத்திருக்கீங்கப்பா” என்றான் மெதுவாக.

அஞ்சறைப்பெட்டியும் பந்தியும்

“அப்ப கேம்?” மகன் விடவில்லை.

கடைக்காரர் ஸ்டூலை இழுத்துப் போட்டார். “வீட்ல அம்மா சமைக்கிறப்ப பாத்திருப்பியே தம்பி. கடுகு, சீரகம் அஞ்சறைப்பெட்டில, கைக்கு எட்டற தூரத்துல. அரிசி, பருப்பு உள் ரூம்ல. அதுலயும் இல்லன்னா மளிகைக் கடை.”

பிராசஸருக்குள் இருக்கும் கேஷ்தான் அஞ்சறைப்பெட்டி. ராம், உள் அறை. எஸ்எஸ்டி, மளிகைக் கடை. கேம் ஆடும்போது பிராசஸர் சின்னச் சின்னத் தகவல்களைத் திரும்பத் திரும்ப எடுக்கிறது. அஞ்சறைப்பெட்டி பெரிதாக இருந்தால் உள் அறைக்கு நடக்கும் நேரம் மிச்சம். 9800எக்ஸ்3டி-யில் எல்3 கேஷ் 96 எம்பி. அதே எட்டுக் கோர் கொண்ட ரைசன் 7 9700எக்ஸில் 32 எம்பி. கேமில் அதற்குக் கிடைக்கும் பெயருக்கு இதுதான் காரணம்.

எடிட்டிங்கில் கடைசியில் வீடியோவை எக்ஸ்போர்ட் செய்வது வேறு மாதிரி. அது பந்திச் சமையல். அங்கே ஆள் பலம்தான் கணக்கு. ஐ5-14400-ல் 10 கோர்கள். 6 பெரிய கோர்கள், 4 சிறிய கோர்கள். பெரியவை தலைமைச் சமையல்காரர்கள் மாதிரி, ஒவ்வொருவரும் இரண்டு அடுப்பைப் பார்ப்பார்கள். சிறியவை காய் நறுக்குபவர்கள், ஆளுக்கு ஒரு வேலை. ஆக 16 த்ரெட்.

“ஆனா ஒரே தோசைய பத்துப் பேர் சேர்ந்து சுட முடியாதுல்ல? கேம்ல நிறைய வேலை அந்த மாதிரி. கோர் எண்ணிக்கைய விட ஒவ்வொரு கோரும் எவ்ளோ வேகம்ங்கிறதுதான் முக்கியம். உன் பழைய 7400-ல நாலே கோர், அதுவும் பழசு. அதான் 3060 இருந்தும் திக்குது. கார்டு வேலை இல்லாம பிராசஸருக்காகக் காத்துக்கிட்டு நின்னுருக்கு.”

பிறகு ஒரு கேள்வி கேட்டார். “மானிட்டர் எத்தனை ஹெர்ட்ஸ்?”

“எழுபத்தஞ்சு.”

“அப்ப நொடிக்கு எழுபத்தஞ்சு படத்துக்கு மேல உன் கண்ணுக்கு வராது. எக்ஸ்3டி முந்நூறு கொடுத்தாலும் மானிட்டர் காட்டணுமே. நாளைக்கு 240 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கறப்ப அதப் பத்தி யோசி.”

மகனிடம் அதற்குப் பதில் இல்லை. அப்பாவுக்கும் ஒரு விஷயம் அப்போதுதான் உறைத்தது. கேம் திக்கியதும், கல்யாண வீடியோ திக்கியதும் ஒரே இடத்தில்தான். இரண்டுக்கும் காரணம் அந்தப் பழைய பிராசஸர்.

எதிர்காலமா, இன்றைய தேவையா?

கடைக்காரர் தன் யோசனையின் குறையையும் மறைக்கவில்லை. 14400 உட்காரும் எல்ஜிஏ 1700 சாக்கெட்டுக்கு அடுத்த தலைமுறை கிடையாது. இன்டெல்லின் கோர் அல்ட்ரா 200 வரிசைக்கு வேறு சாக்கெட், எல்ஜிஏ 1851. ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட்டுக்கு 2027 வரையிலாவது ஆதரவு தருவதாக அந்த நிறுவனம் சொல்லியிருக்கிறது. போர்டை மாற்றாமல் பிராசஸரை மட்டும் பின்னால் மாற்ற விரும்புகிறவருக்கு ஏஎம்5 நல்லது. கேமுக்காக மட்டும் வாங்குகிறவர் ரைசன் 5 7600 போன்ற 6 கோர் பிராசஸரில் தொடங்கி, பிறகு எக்ஸ்3டி-க்கு ஏறலாம்.

ஆனால் ஏஎம்5 போர்டில் டிடிஆர்5 ராம் மட்டும்தான் பொருந்தும். 14400-க்கு டிடிஆர்4 போர்டும் கிடைக்கும், டிடிஆர்5 போர்டும் கிடைக்கும். ஏ.ஐ டேட்டா சென்டர்களுக்கு மெமரிச் சிப்புகள் அள்ளிக்கொண்டு போவதால், 2025-ன் கடைசி மாதங்களில் ராம் விலை கிடுகிடுவென ஏறியிருந்தது. கொட்டேஷனில் ராம் வரியை மட்டும் அடித்து அடித்து எழுதியிருந்ததற்குக் காரணம் அதுதான்.

“எட்டு வருசத்துக்கு ஒரு தடவ வாங்கறவன் சார் நான். பாதில பிராசஸர் மாத்தற ஆளு இல்ல” என்றார் அப்பா. முடிவு ஆயிற்று. எஃப் இல்லாத 14400, டிடிஆர்4 போர்டு, 32 ஜிபி ராம், 1 டிபி எஸ்எஸ்டி, புது எஸ்எம்பிஎஸ். கேபினெட் பழையதே போதும்.

மகன் ஒன்று மட்டும் கூடுதலாகக் கேட்டான். பிராசஸரோடு வரும் சின்ன ஃபேனுக்குப் பதில் ஒரு டவர் கூலர். ஸ்டூடியோவில் ஏ.சி இல்லை. ஷட்டர் போட்ட அறை. கத்திரி வெயிலில் இரண்டு மணி நேரம் எக்ஸ்போர்ட் ஓடினால் சூடு தாங்காமல் பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அப்பா மறுபேச்சு இல்லாமல் தலையாட்டினார்.

தீப்பெட்டி அளவு

பெட்டியைப் பிரித்து பிராசஸரை எடுத்தபோது அப்பா எட்டிப் பார்த்தார். “இவ்ளோதானா?” 45 மில்லிமீட்டர் நீளம், 37.5 மில்லிமீட்டர் அகலம். ஒரு தீப்பெட்டி அளவு. அடியில் தங்க நிறத்தில் 1,700 புள்ளிகள். சாக்கெட்டின் பெயரிலேயே அந்த எண்ணிக்கை இருக்கிறது. முக்கோணக் குறியைப் பொருத்தி, அழுத்தாமல் அப்படியே வைத்து, நெம்புகோலை மூடினார் கடைக்காரர். பூத்துவாலையிலிருந்து வெளியே வந்த 3060 கார்டைச் செருகினார்.

பயாஸுக்குள் போய் உள் கிராஃபிக்ஸை ‘எனேபிள்’ செய்தார். “இத மறந்துடாத தம்பி. தனி கார்டு போட்டா சில போர்டுல இது தானா ஆஃப் ஆயிடும். அப்புறம் எஃப் வாங்கின மாதிரிதான்.”

கீழே இறங்கும்போது மணி மூன்று. தெருமுனை டீக்கடையில் இருவரும் டீ குடித்தார்கள். போர்டுப் பெட்டியைத் தரையில் வைக்க அப்பாவுக்கு மனம் வரவில்லை. இடுப்பில் குழந்தையை வைப்பதுபோல் இடுக்கிக்கொண்டே குடித்தார்.

“ரெண்டு கல்யாணமும் பொங்கலுக்குள்ள முடிச்சுடுவியாடா?”

“பத்து நாள் போதும்ப்பா.”

“முடிச்சுட்டு ஆடு. அது என்ன கேமு... நானும் ஒரு நாள் பாக்கறேன்.”

---

நீங்களும் போகிறீர்களா? இதைக் கவனியுங்கள்!

* பிராசஸர் பெயரைத் தேடுவதற்கு முன் உங்கள் வேலையை எழுதிக்கொள்ளுங்கள். கேம் என்றால் எந்த கேம், மானிட்டர் எத்தனை ஹெர்ட்ஸ்? எடிட்டிங் என்றால் எந்த கேமரா, எந்த ஃபார்மட்? உங்கள் கேமராவில் எடுத்த ஒரு கிளிப்பை பென்டிரைவில் கொண்டுபோங்கள்.

* புதிய கேம்களை உயர்ந்த ரெசல்யூஷனில் ஆடுகிறவர்கள், பிராசஸரில் மிச்சம் பிடித்து கிராஃபிக்ஸ் கார்டில் பணம் போடுவது நல்லது. 4கே-வில் பெரும்பாலும் கார்டுதான் வேகத்தைத் தீர்மானிக்கும்.

* புது கம்ப்யூட்டர் வாங்க வழியில்லாத எடிட்டர்கள் ‘பிராக்ஸி’ முறையைப் பயன்படுத்தலாம். லேசான நகல் கோப்புகளை உருவாக்கி எடிட் செய்துவிட்டு, கடைசியில் ஒரிஜினலில் எக்ஸ்போர்ட் செய்யும் வழி அது.

* சீல் பிரியாத பெட்டியோடு வரும் பிராசஸரா, பெட்டி இல்லாத ‘டிரே’ பிராசஸரா என்று கேளுங்கள். பெட்டியோடு வருவதற்கு இன்டெல், ஏஎம்டி இரண்டுமே 3 வருட வாரன்டி தருகின்றன. டிரே என்றால் வாரன்டி யார் பொறுப்பு என்பதை பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

* இன்டெல் 13, 14-ம் தலைமுறையில் அதிக மின்சாரம் இழுக்கும் சில மாடல்கள் நிலையில்லாமல் போன பிரச்னை 2024-ல் பெரிதாகப் பேசப்பட்டது. அதற்கான மைக்ரோகோடு திருத்தத்தை இன்டெல் வெளியிட்டு, பாதிக்கப்பட்ட மாடல்களுக்கு வாரன்டியை 5 வருடமாக நீட்டித்தது. அந்த மாடல்களைப் பழையதாக வாங்குவதைத் தவிர்க்கலாம். புதிது வாங்கினால் கடையிலேயே பயாஸை அப்டேட் செய்யச் சொல்லுங்கள்.

* கொட்டேஷனில் உள்ள விலை, 18% ஜிஎஸ்டி சேர்த்ததா என்று கேளுங்கள். சீரியல் நம்பர் எழுதிய பில் இல்லாமல் படி இறங்காதீர்கள்.

* ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். சனிக்கிழமை மாலைக் கூட்டத்தில் நின்று பேச முடியாது. வாரநாளில் காலை பதினொரு மணிக்குப் போனால், கேள்வி கேட்கும் கடைக்காரருக்கும் நேரம் இருக்கும், பதில் சொல்லும் உங்களுக்கும் நேரம் இருக்கும்.